தாழ வேண்டிய பேருந்து தாழட்டும்: நகரப் பேருந்துக் கழக அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது மேலாளர் அவர்களுக்கும், தொழில்நுட்பப் பிரிவு அதிகாரிகளுக்கும், பணிமனைகளின் கிளை மேலாளர்களுக்கும் வணக்கம்.

நம் நகரத்தில் ஓடும் தாழ்தளப் பேருந்துகள் பலவற்றில் நீலிங் (நிறுத்தத்தில் காற்றை இறக்கி வாசல் பக்கம் தாழ்ந்து, பிறகு எழும் வசதி) வேலை செய்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. மனு கொடுத்திருக்கிறோம், குறைதீர் கூட்டத்தில் பேசியிருக்கிறோம், 'ஆவன செய்யப்படும்' என்று பதிலும் வந்தது. சென்ற வாரம் மழையில் நடந்ததைப் பார்த்த பிறகுதான் எல்லோரும் படிக்கும்படி எழுதுவது என்று முடிவு செய்தேன்.

என் அக்கா சக்கர நாற்காலியில் வேலைக்குப் போகிறவர். அன்று காலை வந்த பேருந்து வலது பக்கமாகச் சரிந்தே வந்து நின்றது. வலது பக்கம் தணிந்தால் இடது பக்கத்து வாசல் இன்னும் மேலே போய்விடும். ஓட்டுநர் நல்ல மனிதர். இருக்கையை விட்டு இறங்கி வந்து சொன்னார்: "தப்பா நினைக்காதீங்கம்மா. பட்டனை அமுக்கினா வண்டி இறங்கிடும், அப்புறம் ஏறாது. காத்து ஏறுற வரைக்கும் இங்கயேதான் நிக்கணும்." சாய்வுப் பலகையை மட்டும் விரித்துவிட்டார். அந்த உயரத்தில் அது செங்குத்தாக நின்றது. மழையில் சக்கரம் வழுக்கியது. நிறுத்தத்தில் இருந்த இரண்டு பேர், அக்கா வேண்டாம் என்று சொல்வதற்குள், நாற்காலியைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்கினார்கள். அது கழற்றி மாட்டும் கைப்பிடி, கையோடு வந்துவிட்டது. வாசல் கம்பியை எட்டிப் பிடித்ததால் அக்கா விழாமல் தப்பினார். உள்ளிருந்து ஒரு குரல், "ஆட்டோல போகலாமில்ல?" என்றது.

தூக்க வந்தவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, உதவி செய்யத்தான் வந்தார்கள். ஆனால் சொந்தச் சம்பாத்தியத்தில் வாழும் ஒரு பெண், முன்பின் தெரியாதவர்கள் கைபட்டுத்தான் பேருந்தில் ஏற வேண்டும் என்ற நிலை தினமும் எதற்கு? யார் கையும் படாமல் தானே ஏறிப் போகட்டும் என்றுதானே அந்த வண்டியைத் தாழும்படி செய்தார்கள்?

நான் ஆம்னி பஸ்களுக்கும் லாரிகளுக்கும் ஏர் பிரேக், ஏர் சஸ்பென்ஷன் வேலை பார்க்கும் மெக்கானிக். அதனால் இது எவ்வளவு சின்ன வேலை என்று எனக்குத் தெரியும். சேஸியில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், உயரத்தைச் சமன் செய்யும் லெவலிங் வால்வு இருக்கிறது, அதன் கையை ஒரு லிங்க் ராடு அச்சோடு இணைக்கிறது. ஆள் ஏறி பாடி தணிந்தால் வால்வு திறந்து, பாடியைத் தாங்கும் காற்றுப் பையான ஏர் பெல்லோவுக்குள் காற்றை விடும். ஆள் இறங்கினால் மிச்சக் காற்றை வெளியேற்றும். அந்த வால்வின் சீட்டில் அழுக்கு உட்கார்ந்தாலோ, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்து வெடித்தாலோ, குழாய் இணைப்பு தளர்ந்தாலோ காற்று ஓயாமல் கசியும். புதிய வண்டிகளில் லிங்க் ராடுக்குப் பதில் சென்சாரும் மின்சாரத்தில் இயங்கும் சோலனாய்டு வால்வும் இருக்கலாம். அங்கேயும் கசிவது இதே மாதிரி இடங்களில்தான். கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். டேங்க்கில் முழுக் காற்று ஏற்றி, இன்ஜினை நிறுத்தி, சோப்புத் தண்ணீர் தடவினால் எங்கே குமிழி வருகிறதோ அங்கே கசிவு.

டேங்க்கில் காற்று குறைந்தால் பாதுகாப்பு வால்வு முதலில் பிரேக்குக்குத்தான் காற்றைக் காப்பாற்றித் தரும். அது சரியான ஏற்பாடு. ஆனால் சஸ்பென்ஷன் கடைசியில் நிற்கும். அதனால்தான் கசிகிற வண்டி ஒருமுறை தாழ்ந்தால் எழுந்திருக்க அத்தனை நேரம் ஆகிறது. பின்னால் ஹாரன், உள்ளே பயணிகளின் சத்தம், நேரம் தவறினால் மேலே விளக்கம் கேட்பார்கள். ஓட்டுநர் பட்டனைத் தொடப் பயப்படுகிறார் என்றால் அது அவர் குற்றம் அல்ல. தயவுசெய்து அவருக்கு மெமோ கொடுக்காதீர்கள், வால்வை மாற்றுங்கள்.

வால்வோடு சேர்த்து, காற்றிலுள்ள ஈரத்தைப் பிரிக்கும் ஏர் டிரையரையும் பாருங்கள். அதன் கேட்ரிட்ஜை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் கம்பிரசரிலிருந்து வரும் தண்ணீரும் எண்ணெயும் நேராக வால்வுக்குப் போகும். வால்வு கசிந்தால் கம்பிரசர் ஓய்வில்லாமல் ஓடும். ஓடி ஓடித் தேய்ந்த கம்பிரசர் இன்னும் அதிக எண்ணெயைத் தள்ளும். டீசலும் வீண். அப்புறம் ஒரு வார்த்தை, கீழே படுத்து வேலை செய்யும் தொழிலாளிக்காக: பெல்லோவின் காற்றை மட்டும் நம்பி யாரையும் வண்டிக்கு அடியில் அனுப்பாதீர்கள். காற்று இறங்கினால் பாடி ஆள் மேல் இறங்கும். சேஸிக்கு ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. தாழ்தளப் பேருந்து நம் சாலைக்கு ஒத்துவராது என்று நீதிமன்றத்திலேயே அரசுத் தரப்பு வாதாடியது. மாற்றுத்திறனாளிகள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்திய பிறகுதான், ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கிக் கடனில் வண்டிகள் வாங்கி, 2024 ஆகஸ்டில் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. காற்று இறங்கிச் சரிந்த வண்டி வேகத்தடையில் அடிவாங்கத்தான் செய்யும். நாளைக்கு அதையே காட்டி, 'பார்த்தீர்களா, அப்போதே சொன்னோமே' என்பார்கள். தாழ்தளத்தின் மேல் பழி போடாதீர்கள். அடிபடுவது பராமரிப்பு இல்லாததால்.

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 41 ஆம் பிரிவில் போக்குவரத்தில் அணுகல் வசதி பற்றித் தெளிவாகப் பேசுகிறது. வண்டி வாங்கிய அன்று மட்டும் வேலை செய்தால் அது எப்படி அணுகல் ஆகும்? திறப்பு விழா அன்று கேமரா முன்னால் வண்டி அழகாகத் தாழ்ந்து எழுந்ததே, அந்த அக்கறை மழைநாள் காலையில் ஏன் இல்லை? நிறுத்தங்களும் அப்படித்தான். நடைபாதையை ஒட்டி நிறுத்த இடமில்லை, இருக்கிற இடத்தில் கடையும் பைக்கும். தாழ்ந்த வண்டியும் நடுரோட்டில் நின்றால் பலகை போய் நிற்பது தார்ச்சாலையில்தான். பணிமனைகளில் தொழில்நுட்பப் பணியாளர் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன என்று சங்கங்கள் எத்தனை காலமாகச் சொல்கின்றன! ஆள் இல்லாமல் யார் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பது?

இதையெல்லாம் ஒரே நாளில் தீர்க்க முடியாது என்று எனக்கும் தெரியும். ஆகவே இப்போதைக்குக் கேட்பது இதுதான், ஐயா. கசியும் லெவலிங் வால்வுகளை மாற்றுங்கள். பிரேக் பார்ப்பது போலவே, காலையில் வண்டி பணிமனையை விட்டுக் கிளம்பும் முன் ஒருமுறை நீலிங்கை இறக்கி ஏற்றிப் பாருங்கள். எழாத வண்டியைத் தாழ்தளச் சேவை என்று அனுப்பாதீர்கள். ஓட்டுநர் எழுதிக் கொடுக்கும் ஏர் லீக் புகாருக்கு, சரிசெய்த தேதியோடு கையெழுத்து இருக்கட்டும். எந்தப் பணிமனையில் எத்தனை வண்டிகள் சரியாக இருக்கின்றன என்பதை மாதம் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

கசிவைக் காட்டித்தர நானே பணிமனைக்கு வரத் தயார், கூலி வேண்டாம். எந்த நாள், எந்தப் பணிமனை என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

பணிவுடன்,
உங்கள் பேருந்தில் பயணம் செய்யும் ஒரு பெண்ணின் தம்பி