இருட்டுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டினோம்

மசினகுடி, மாவனல்லா, வாழைத்தோட்டம், பொக்காபுரம் வட்டாரத்தில் தங்கும் விடுதி நடத்தும் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

போன பிப்ரவரியில் உங்களில் ஒருவருடைய விடுதியில் குடும்பத்தோடு இரண்டு ராத்திரி தங்கினேன். எந்த விடுதி என்று எழுதப்போவதில்லை. ஒருவரை மட்டும் சந்தியில் நிறுத்தி என்ன பயன்? அங்கே பார்த்த சங்கதிகளில் பாதியை, ராத்திரி ஊருக்குள் வண்டியில் வரும்போது வேறு நாலைந்து காம்பவுண்டுகளுக்குள்ளும் பார்த்தேன். சாப்பாட்டைக் குறை சொல்லவும் இதை எழுதவில்லை. ராகிக் களியும் அவரைக் குழம்பும் வேண்டுமென்று கேட்டதும் முகம் சுளிக்காமல் செய்து போட்டார்கள். வெந்நீர் வந்தது, படுக்கை சுத்தமாக இருந்தது. எனக்கு இருப்பது ஒரே ஒரு குறை. அது வெளிச்சத்தைப் பற்றியது.

முதல் நாள் சாயங்காலம் தெப்பக்காடு தாண்டி வரும்போதே காடு இலையுதிர்த்து, எலும்பும் தோலுமாக நின்றது. நீலகிரி மலை மழையை மறித்துக்கொள்வதால் மசினகுடி இருக்கும் இந்தச் சீகூர்ப் பக்கம் எப்போதுமே வறட்சிதான். முள்மரமும் உண்ணிச்செடியும் செம்மண்ணும். ஊட்டியைப் பார்த்த கண்ணுக்கு இது ஒரு காடாகவே தெரியாது. எனக்கு இதுதான் பிடிக்கும். அறையில் பையை வைத்துவிட்டுத் திண்ணைக்கு வந்தால், மரத்துக்கு மரம் சீரியல் பல்பு. நீச்சல் குளத்துக்குள் நீல விளக்கு. வேலியோரம் கம்பத்துக்குக் கம்பம் போகஸ் லைட். நடுவில் விறகை அடுக்கி கேம்ப் ஃபயர், பக்கத்தில் ஆளுயர ஸ்பீக்கர். கல்யாண மண்டபத்தைத் தூக்கிக்கொண்டுவந்து காட்டுக்குள் வைத்த மாதிரி இருந்தது.

ஒன்பதரை மணி இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் யானை வந்திருக்கிறது என்று ஓர் ஊழியர் ஓடிவந்து சொன்னார். இரண்டு பெரிய பெண் யானைகள், நடுவில் ஒரு குட்டி. உடனே இன்னொருவர் கை போகஸைத் தூக்கி நேராக அவற்றின் முகத்தில் அடித்தார். மொட்டை மாடியிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். குட்டி தாயின் வயிற்றுக்கு அடியில் புகுந்துகொண்டது. பெரியது காதை விரித்தது, தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தது, காலடி மண்ணை அள்ளித் தன் மேலேயே போட்டுக்கொண்டது. நாங்கள் இருபத்தைந்து பேர் வரிசையாக நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். நானும்தான். என் போனில் பிளாஷ் அணைக்காமல் இருந்ததை இரண்டு படம் எடுத்த பிறகுதான் கவனித்தேன். அதனால் இந்த மடலை நான் யோக்கியனாக நின்று எழுதவில்லை.

கொஞ்ச நேரத்தில் மூன்றும் வேலியை ஒட்டியே கிழக்கே திரும்பி நடந்தன. கைதட்டினார்கள். போகஸை அணைத்துவிட்டு வந்த பையன், மாவனல்லாக்காரர், இருபத்திரண்டு வயதுகூட இருக்காது, என் பக்கம் வந்தபோது மெதுவாகச் சொன்னார்:

"இங்க லைட் அடிச்சா அது கீழ எங்க வீட்டுப் பக்கம்தான் சார் திரும்பும். டூட்டி முடிஞ்சு நான் அந்த வழியாத்தான் நடக்கணும்."

இந்த ஒரு பேச்சுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியாத பூகோளம் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். சீகூர்ப் பீடபூமியில் ஒரு பக்கம் நீலகிரியின் செங்குத்துச் சரிவு, மறுபக்கம் மோயாற்றின் ஆழமான பள்ளம். யானையால் அந்தச் சரிவில் ஏற முடியாது, அந்தப் பள்ளத்திலும் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. முதுமலை, பந்திப்பூர்ப் பக்கத்திலிருந்து சத்தியமங்கலம் காட்டுக்குப் போகிற யானைக்கும், அங்கிருந்து திரும்புகிற யானைக்கும் இந்த இடைப்பட்ட பட்டைதான் வழி. அந்தப் பட்டையில்தான் ஊர், தோட்டம், கோயில், மின் நிலையம், அதோடு உங்கள் விடுதிகளும். விடுதி கட்ட இடம் தேடியவர்கள் ஓடைக்கரையாகப் பார்த்தே வாங்கியிருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் பிப்ரவரி, மார்ச்சில் யானை தேடுவதும் அதே ஓடைக்கரையைத்தான்.

வழக்கு விவகாரத்துக்குள் நான் போகவில்லை. 2010இல் அரசு இந்தப் பட்டையை யானை வழித்தடமாக அறிவித்தது, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2018இல் உச்ச நீதிமன்றம் 27 விடுதிகளுக்குச் சீல் வைக்கச் சொன்னது, 2020 அக்டோபரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு செல்லும் என்று முடித்துவைத்து, ஆட்சேபணைகளை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவையும் போட்டது. எந்த சர்வே எண் உள்ளே வரும், எது வெளியே நிற்கும் என்பது உங்களுக்கும் குழுவுக்கும் உள்ள கணக்கு. சீல் விழுந்தால் முதலில் வேலை இழப்பது சமையல்காரரும் ரூம் பையனும் ஜீப் ஓட்டுநரும்தான் என்பதும் தெரியும். "எல்லா விடுதியையும் இடித்துத் தள்ளு" என்று கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு பதிவு போடுவது சுலபம். நான் கேட்பது தீர்ப்புக்குக் காத்திருக்கத் தேவையில்லாத காரியம். இன்றைக்கு ராத்திரியே, ஒரு சுவிட்சில் முடியக்கூடியது.

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் மேலாளரிடமே கேட்டேன். "சேஃப்டி சார்" என்றார். சிறுத்தை வருகிறது, கரடி வருகிறது, கெஸ்ட் குழந்தைகளோடு வருகிறார்கள், வெளிச்சம் இல்லாவிட்டால் எப்படி? நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அன்று ராத்திரி நான் ஒன்றைக் கவனித்தேன். போகஸ் அடிக்கிற வட்டத்துக்குள் இருப்பது பளிச்சென்று தெரிகிறது. அந்த வட்டத்துக்கு வெளியே கண் முழுக் குருடு. பத்தடி தள்ளி இன்னொரு யானை நின்றிருந்தால் எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி, அரை மணி ஆகும். அதை ஒரு நொடி வெளிச்சம் கெடுத்துவிடும். நடைபாதையில் முழங்கால் உயரத்துக்குத் தரையைப் பார்த்த மாதிரி மஞ்சள் விளக்கு போதும். சாப்பாட்டு அறையிலிருந்து ரூமுக்குப் போக ஆளுக்கொரு டார்ச்சும், கூடவே வர ஊர்க்காரர் ஒருவரும் போதும். அந்தப் பையனுக்கு ஓடைப்பக்கம் குச்சி முறியும் சத்தத்திலேயே வந்திருப்பது மாடா, காட்டெருமையா என்று தெரிகிறது. உங்கள் பத்து போகஸைவிட அவர் காதுதான் பாதுகாப்பு.

இன்னொரு பதில், "கெஸ்ட் கேக்கிறாங்க." இது உண்மை. போன் போட்டதும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வியே "யானை தெரியுமா?" என்பதுதான். யானை தெரியவில்லையென்றால் இரண்டு ஸ்டார் போடுகிற ஆட்கள் நாங்கள். அந்த ஸ்டாருக்குப் பயந்து நீங்கள் என்னென்னவோ செய்கிறீர்கள். வேலிக்குப் பின்னால் உப்பு கொட்டிவைத்த ஒரு தொட்டியைப் பார்த்தேன், பக்கத்தில் தர்பூசணித் தோல். மானுக்கு என்றார்கள். மானுக்கு வைத்ததை மான் மட்டும்தான் தின்னுமா? ரிவால்டோ கதை உங்கள் கண் முன்னால் நடந்ததுதானே. தும்பிக்கை நுனி அறுபட்ட யானை, பாவம் என்று பழம் கொடுத்துப் பழக்கினார்கள். பழகிய யானை வீட்டு வாசலுக்கு வரத் தொடங்கியதும் அதே ஊர் அதைப் பார்த்துப் பயந்தது. 2021 மே மாதம் வாழைத்தோட்டத்தில் கரால் என்கிற மரக்கூண்டுக்குள் அடைத்தார்கள், ஆகஸ்டில் ரேடியோ காலர் மாட்டி உள்காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அது நடந்தே பழைய இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. வேறெங்கே போகும்?

அதே 2021 ஜனவரியில் நடந்ததையும் சொல்லாமல் விட மனசில்லை. விடுதிப் பக்கம் வந்த ஒரு யானையின் மேல் தீப்பிடித்த டயரை எறிந்தார்கள். காது எரிந்துகொண்டிருக்க அது ஓடிய வீடியோவை நாடே பார்த்தது. தெப்பக்காடு முகாமுக்கு லாரியில் கொண்டுபோகும்போதே செத்துப்போனது. அதன் தும்பிக்கையைத் தொட்டுக் கதறியழுத வனப் பணியாளரை நான் இன்னும் மறக்கவில்லை. உங்களில் பெரும்பாலானவர்கள் அந்தக் காரியத்தை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பழம் வைத்துக் கூப்பிடுவதும், வந்த பிறகு முகத்தில் வெளிச்சம் அடித்து விரட்டுவதும், ராத்திரிக்கு ராத்திரி நடந்துகொண்டிருந்தால், அடுத்த டயரை எறிபவன் எங்கோ ஒரு காம்பவுண்டில் தயாராகிக்கொண்டிருக்கிறான் என்றே நினைக்கிறேன்.

ஒலியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. தெப்பக்காட்டிலிருந்து கக்கநல்லா வழியாகப் பந்திப்பூர் போகும் சாலையில் ராத்திரி ஒன்பது மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், காலை ஆறு மணிக்குத்தான் திறக்கிறார்கள். மைசூருக்கு அவசரமாகப் போகிற காய்கறி லாரிக்காரரும் காத்துக்கிடக்கிறார். இரண்டு மாநிலம் சேர்ந்து காட்டுக்கென்று ஒதுக்கிவைத்த அந்த ஒன்பது மணிக்குத்தான் உங்கள் ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு தொடங்குகிறது. பாட்டு எனக்கும் பிடிக்கும். அதை கோயம்புத்தூரிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

இப்போது இரண்டாம் ராத்திரிக்கு வருகிறேன்.

எட்டு மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டரை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள், கிளம்பவில்லை. மேலாளர் ஒவ்வொரு ரூமாக வந்து மன்னிப்புக் கேட்டார். ஸ்பீக்கர் செத்தது. சீரியல் பல்பு செத்தது. குளம் காணாமல் போனது. எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டு திண்ணைகளில் வந்து உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு மெதுவாக மலை தெரிந்தது. மலைக்கு மேலே நட்சத்திரம், அதுவும் எப்படி, கொட்டிவைத்த அரிசி மாதிரி. செம்மண் பாதைகூட வெளிறிய கோடாகத் தெரிய ஆரம்பித்தது.

எங்கிருந்தோ பக்கி என்கிற ராத்திரிப் பறவை கத்தியது. கேட்டவர்களுக்குத் தெரியும், சிமெண்ட் தரையில் கோலிக்குண்டைப் போட்டால் டக்... டக்... டக்-டக்-டக்கென்று துள்ளி அடங்குமே, அச்சு அசல் அந்தச் சத்தம். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள்தான் முதலில் என் கையைப் பிடித்து "அப்பா, யாரோ துணி துவைக்கிறாங்க" என்றாள். ஓடைப்பக்கம். சரக்கென்று ஒரு இழுப்பு, பிறகு தப், தப். மறுபடி சரக், தப், தப். மாவனல்லாப் பையன் அவள் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, காதோடு சொன்னார்: யானை புல்லை வேரோடு பிடுங்கி, முன்னங்காலில் அடித்து மண்ணை உதறுகிறது. உதறிவிட்டுத்தான் வாயில் போடும். நேற்று வந்த அதே மூன்றாக இருக்கலாம். குட்டிக்கு இன்னும் உதறத் தெரியாது, மண்ணோடு தின்றுவிட்டுத் துப்பும் என்றார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒரு மணி நேரத்துக்குமேல் அப்படியே உட்கார்ந்திருந்தோம். ஒருவர்கூடப் படம் எடுக்கவில்லை, எடுத்தாலும் விழாது. முதல் நாள் விசில் அடித்த கூட்டமும் அங்கேதான் இருந்தது, மூச்சுக் காட்டவில்லை. யானைகளும் எங்கும் திரும்பவில்லை, தின்றுகொண்டே ஓடையோடு மேலே போயின. அன்று ராத்திரி அந்தப் பையனின் வீட்டு வழியில் ஒன்றும் நிற்கவில்லை என்று காலையில் சொன்னார்.

ஒன்பதரைக்குக் கரண்ட் வந்தது. எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். மொட்டை மாடியில் "ஹே..." என்று சத்தம். ஸ்பீக்கர் விட்ட இடத்திலிருந்து பாடியது.

அறையைக் காலி செய்யும்போது பில்லில் 500 ரூபாய் கழித்திருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். "நேத்து கரண்ட் இல்லாம கஷ்டப்பட்டீங்களே சார்" என்றார் மேலாளர். நல்ல மனுஷன். நான் அந்த 500ஐ வாங்கவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் இரண்டு நாள் வாடகையையும் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை, விடுமுறைக் கூட்டம் வேறு வாசலில் நின்றுகொண்டிருந்தது.

உங்கள் தொழிலை நான் உங்களுக்குச் சொல்லித்தர வரவில்லை. ஆனாலும் ஒரு வாடிக்கையாளனாகச் சொல்கிறேன்: ஒன்பது மணிக்கு மேல் விளக்கு கிடையாது, பாட்டு கிடையாது என்று பதிவு செய்யும்போதே போனில் சொல்லுங்கள். "யானை தெரியுமா?" என்று கேட்டால், "தெரியாது, கேட்கும்" என்று பதில் கொடுங்கள். பாதிப் பேர் வேறு விடுதிக்குப் போவார்கள், போகட்டும். ஒரு விடுதி மட்டும் அணைத்தால் பக்கத்து விடுதி அள்ளிக்கொண்டு போகும் என்ற பயம் இருக்கும். அதனால்தான் இதை ஒருவருக்கு எழுதாமல் எல்லாருக்குமாக எழுதுகிறேன். சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அந்தக் கூட்டத்துக்கு உங்கள் ஊழியர்களில் ராத்திரி நடந்து வீட்டுக்குப் போகிறவர்கள் நாலு பேரையும் கூப்பிடுங்கள். வேலியில் எந்த இடத்தைத் திறந்துவிட்டால் யானை வீட்டுப் பக்கம் போகாமல் ஓடையோடு போகும் என்பதை வனத்துறைக்கு முன்னால் அவர்களே சொல்லிவிடுவார்கள். சமையலறைக் குப்பையைப் பூட்டிவையுங்கள். உப்புத் தொட்டியை எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் தடை செய்த மாவட்டத்தில் ரூமுக்கு ரூம் இரண்டு பாட்டில் எப்படி வந்தது என்பதை வேறொரு நாள் பேசிக்கொள்வோம்.

மகள் மறுபடி போக வேண்டும் என்கிறாள். வரும் பிப்ரவரியில் வருவதாக இருக்கிறோம். பதிவு செய்ய உங்களில் நாலைந்து பேருக்காவது போன் போடுவேன். ரேட் எவ்வளவு, ஏசி உண்டா, நீச்சல் குளம் உண்டா என்றெல்லாம் கேட்கமாட்டேன். ராத்திரி எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பீர்கள் என்று மட்டும் கேட்பேன்.

இப்படிக்கு,
பிப்ரவரியில் தங்கிய ஒரு கோயம்புத்தூர்க்காரன்