கடல்நீர் பம்ப் இம்பெல்லர்: படகு வைத்திருப்போர் கவனத்துக்கு

வணக்கம். சீசனுக்கு முன் எல்லோரும் என்ஜினைக் குளிர்விக்கும் கடல்நீர் பம்பைத் திறந்து, தண்ணீரைத் தள்ளும் மடல்கள் கொண்ட ரப்பர் சக்கரமான இம்பெல்லரைப் பாருங்கள். மடலின் அடியில் வெடிப்பு தெரிந்தாலே மாற்றிவிடுங்கள். நன்றாக இருந்தாலும் வருடத்துக்கு ஒன்று மாற்றுவதே நல்லது, விலை பெரிதில்லை.

பம்பைத் திறக்கும்முன் கடல்நீர் உள்ளே வரும் வால்வை மூடுங்கள், மூடியதும் என்ஜின் சாவியை அதன்மேலேயே மாட்டிவையுங்கள். மறந்து ஸ்டார்ட் செய்தால் தண்ணீரில்லாமல் புது இம்பெல்லரும் கருகிவிடும். பழைய இம்பெல்லரை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள், பம்பின் உட்புறம் கீறும், அதை இழுத்தெடுக்கும் கருவியான புல்லர் உத்தமம். மடல் ஏதாவது உடைந்திருந்தால் துண்டைத் தேடியே ஆகவேண்டும்: பெரும்பாலும் கடல்நீரால் என்ஜின் சூட்டைத் தணிக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் அடைத்திருக்கும், விட்டுவைத்தால் என்ஜின் சூடேறும். புதியதற்குக் கிளிசரின் தடவி, பம்ப் சுழலும் திசையிலேயே திருகி உள்ளே தள்ளுங்கள். பெட்ரோலிய கிரீஸ் வேண்டாம், இம்பெல்லரின் நியோப்ரீன் ரப்பர் ஊதிவிடும். பம்ப் மூடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் புதிதாகவே போடுங்கள்.

வால்வைத் திறந்து ஓட்டி, எக்ஸாஸ்டில் தண்ணீர் வருகிறதா, மூடியோரம் கசிகிறதா என்று பாருங்கள்.