மேல்தள விளக்குகளும் ஏ.ஐ.எஸ். கருவியும்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய விசைப்படகு உரிமையாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் வணக்கம்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் படகுகள் பழுதுபார்க்கக் கரையேறிய நாளிலிருந்து, கடலூர் முதுநகரில் உள்ள எங்கள் கடைக்கு வந்த பலர் இரண்டு குறைகளைச் சொல்லிவிட்டுச் சென்றிருக்கிறீர்கள். மேல்தளத்துக்குக் கேட்ட எல்.இ.டி. ஃபோகஸ் விளக்குகளைக் கேட்ட எண்ணிக்கையில் நாங்கள் தருவதில்லை என்பது ஒன்று. ஏ.ஐ.எஸ். கருவிக்கு (அடையாளம் அனுப்பும் கப்பல்களைத் திரையில் காட்டி, நம் படகின் அடையாளத்தையும் அவற்றுக்கு அனுப்பும் கருவி) பணம் கட்டிய பிறகும், ஓட்டுநரையும் இரவுக் காவலுக்கு நிற்கும் ஆளையும் அழைத்து வந்தால்தான் பொருத்துவோம் என்று சொல்வது மற்றொன்று. காரணத்தைக் கல்லாவில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட முடியாது என்பதால் எழுதித் தருகிறோம்.

சென்ற பருவத்தில் எங்களிடம் ஏ.ஐ.எஸ். வாங்கிய ஓர் உரிமையாளர், ஒரு நள்ளிரவில் திரை வெறுமையாக இருந்ததை நம்பி அவருடைய ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டதாகவும், திரையில் வராத ஒரு பெரிய கப்பல் வலைக்கு மிக அருகில் கடந்து சென்ற பிறகுதான் அலை அடித்து எழுந்ததாகவும் எங்களிடம் வந்து சொன்னார். தவறு ஓட்டுநருடையது மட்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. எல்லாக் கப்பலும் இந்தத் திரையில் தெரியாது என்ற ஒரு வாக்கியத்தை, கருவியை விற்ற நாளில் நாங்கள் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதன் பிறகுதான், போர்க்கப்பல்களும் சரக்குக் கப்பல்களும் மோதிய விபத்துகளில் விசாரணை என்ன கண்டது என்பதைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

முதலில் நார்வே. 2018 நவம்பர் 8 அன்று விடியற்காலை 4 மணி அளவில், ஸ்டூரே எண்ணெய் முனையத்திலிருந்து கச்சா எண்ணெய் ஏற்றிப் புறப்பட்ட சோலா டி.எஸ். என்ற டேங்கரும், 137 பேருடன் வந்துகொண்டிருந்த ஹெல்கே இங்ஸ்டாட் என்ற போர்க்கப்பலும் மோதின. போர்க்கப்பலின் காவல் மாற்றம் அப்போதுதான் நடந்து முடிந்திருந்தது. டேங்கரின் மேல்தள விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்ததால் அதன் வழி விளக்குகள் (கப்பலின் போக்கைப் பிறருக்குக் காட்டும் விளக்குகள்) அந்த வெளிச்சத்தில் கரைந்துபோயின. அதை முனையத்தோடு சேர்ந்த, அசையாத ஏதோ ஒரு பொருள் என்று காவலில் நின்றவர்கள் எண்ணிக்கொண்டார்கள். போர்க்கப்பலோ தன் ஏ.ஐ.எஸ். அடையாளத்தை வெளியே அனுப்பாமல் வந்தது. எதிரே வருவது யார் என்று டேங்கரிலிருந்தவர்கள் கரைக் கட்டுப்பாட்டு நிலையத்தைக் கேட்க வேண்டியிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் போர்க்கப்பல் நீரில் மூழ்கி, மறு ஆண்டு தூக்கி எடுக்கப்பட்டும் சீர்செய்யத் தகாதது என்று கைவிடப்பட்டது. காவலில் இருந்த அதிகாரிக்கு 2023இல் நீதிமன்றம் 60 நாள் நிறுத்திவைத்த சிறைத் தண்டனை விதித்தது.

இதைப் படித்தபோது எங்களுக்கு நம் துறைமுகத்துப் படகுகள்தான் நினைவுக்கு வந்தன. மீனைத் தரம் பிரிக்கும்போது போட்ட விளக்கை அணைக்காமலே, இரவு முழுதும் பகல்போல எரியவிட்டு ஓடிவரும் படகுகள் எத்தனை! (மீனைக் கவர விளக்கு வைப்பது 2017 முதல் தடை செய்யப்பட்டது, அதைப் பற்றி இங்கே பேசவில்லை.) சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகள், வழி விளக்கை மறைக்கிற அல்லது அதுவென்று எண்ணவைக்கிற வேறு விளக்கு எரியக்கூடாது என்கின்றன. இழுவலை இடும் படகு மேலே பச்சையும் அதற்குக் கீழே வெள்ளையும் காட்ட வேண்டும். இயந்திரத்தால் ஓடும் கப்பல், மீன் பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் நீங்கள் வலையோடு இருக்கிறீர்கள் என்பதை அந்தக் கப்பலுக்குத் தெரிவிப்பது அந்தப் பச்சை விளக்கு ஒன்றுதான். அது பழுதாகிக் கிடக்க, பத்து ஃபோகஸ் விளக்கு எரிந்தால், கப்பலை இயக்கும் மேடையில் நிற்பவருக்கு வெறும் வெளிச்சம்தான் தெரியும். படகு எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியாது.

அடுத்தது ஜப்பானின் பசிபிக் கரையோரம். 2017 ஜூன் 17 அன்று நள்ளிரவு கழிந்து ஒன்றரை மணிக்கு, அமெரிக்காவின் ஃபிட்ஸ்ஜெரால்ட் போர்க்கப்பலும் ஏ.சி.எக்ஸ். கிரிஸ்டல் கன்டெய்னர் கப்பலும் மோதியதில், தூங்கிக்கொண்டிருந்த மாலுமிகளின் அறைக்குள் நீர் புகுந்து ஏழு பேர் இறந்தார்கள். சரக்குக் கப்பல் வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வந்தது. ஆகவே விலக வேண்டியது போர்க்கப்பல். அந்த வலப்பக்கத்தைக் கண்ணால் பார்க்க ஆள் நிறுத்தப்படவில்லை, ராடார் சரியாகச் சீரமைக்கப்படவில்லை, ஐந்து குறுகிய எச்சரிக்கை ஒலிகள் எழுப்பப்படவில்லை, ரேடியோவில் எதிர்க் கப்பலைக் கூப்பிடவும் இல்லை. இந்தப் போர்க்கப்பலும் ஏ.ஐ.எஸ். அடையாளத்தை அனுப்பவில்லை, சரக்குக் கப்பல்காரர்கள் அதைக் காலத்தோடு கண்டுகொள்ளாததும் விசாரணையில் குறிக்கப்பட்டது. நெரிசலான கடல்வழிகளில் அடையாளம் அனுப்ப வேண்டும் என்று அமெரிக்கக் கடற்படை பிறகு தன் கப்பல்களுக்கு உத்தரவிட்டது. ஆயினும் பாதுகாப்புக் காரணத்துக்காக அதை நிறுத்திவைக்கும் உரிமை போர்க்கப்பல்களுக்கு உண்டு. நம் கரையோரமும் அவை வந்து போகின்றன. திரை காலியாக இருப்பதால் கடல் காலியாக இருக்கிறது என்று ஆகாது என்பதை உங்கள் ஆட்களிடம் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் சொல்லுங்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 21 அன்று, சிங்கப்பூரை நெருங்கும்போது ஜான் எஸ். மெக்கெய்ன் போர்க்கப்பல் ஆல்னிக் எம்.சி. டேங்கரோடு மோதிப் பத்து பேர் இறந்தார்கள். சுக்கானையும் வேகத்தையும் இயக்குவது வெவ்வேறு கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கு மாற்றப்பட்டதைப் புரிந்துகொள்ளாமல், சுக்கான் வேலை செய்யவில்லை என்று நினைத்துவிட்டார்கள். அங்கே நின்றவர்களில் சிலர் வேறொரு கப்பலிலிருந்து வந்தவர்கள், அந்தத் தொடுதிரைக்குப் பழகாதவர்கள். பயிற்சி பெற்ற கடற்படைக்கே இந்த நிலை என்றால், டப்பாவைப் பிரித்துக் கொடுத்து அனுப்பிவிடுவது எங்கள் பங்குக்குப் பெரும் பிழை.

நம் நாட்டிலும் 2011 ஜனவரி 30 அன்று மும்பைத் துறைமுகத்தில் நார்ட்லேக் என்ற சரக்குக் கப்பலோடு மோதிய ஐ.என்.எஸ். விந்தியகிரி தீப்பிடித்து, மறுநாள் மூழ்கியது. உயிர்ச்சேதம் இல்லாமல் போனது நம் நல்ல காலம்.

ஆகவே இந்தத் தடைக்காலத்திலிருந்து எங்கள் ஏற்பாடு இதுதான். மேல்தள விளக்கு வாங்குகிறவர்களின் படகில் வழி விளக்குகளை முதலில் எரியவிட்டுப் பார்ப்போம். பழுதானதை மாற்றிய பிறகே மற்றதைப் பொருத்துவோம். ஃபோகஸ் விளக்குகளுக்குக் கீழ்நோக்கிய மூடியும் தனி சுவிட்சும் வைப்போம். மூடிக்கு விலை வாங்க மாட்டோம். முன்பு எங்களிடம் வாங்கியவர்களுக்கும் இது பொருந்தும். ஏ.ஐ.எஸ். பொருத்தும் நாளில் ஓட்டுநரும் காவலுக்கு நிற்கும் ஆளும் அரை நாள் எங்களோடு இருக்க வேண்டும்: கருவியில் படகின் பெயரைச் சரியாகப் பதிவது, வி.எச்.எஃப். ரேடியோவில் 16ஆம் சேனலில் கப்பலைக் கூப்பிடுவது, சிவப்பு பச்சை விளக்குகளை வைத்து எதிர்க் கப்பலின் போக்கை அறிவது ஆகியவற்றைப் படகிலேயே செய்து காட்டுவோம். இதற்காக அன்றைய கூலி இழப்பு ஏற்படுவது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் படகுகள் எப்படியும் கரையில் நிற்கும் தடைக்கால நாட்களை இதற்கென ஒதுக்கியிருக்கிறோம்.

முன்பணம் கட்டியவர்களில் இந்த ஏற்பாட்டில் விருப்பமில்லாதவர்கள் ரசீதைக் காட்டி முழுத் தொகையையும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஏற்பாட்டுக்குச் சம்மதிப்பவர்கள், ஜூன் 14 நள்ளிரவு தடை முடிவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவாவது படகு நிற்கும் இடத்தைக் கடையில் சொல்லிவிட்டுச் சென்றால், முறை வைத்து நாங்களே வருகிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்
கடலூர் முதுநகர்