தராசோடு ஒரு டேப்பையும் கொண்டு வாருங்கள்

தோட்டங்களில் மருத்துவ முகாம் நடத்த வரும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

நான் தலவாக்கலையில் தையல் கடை வைத்திருப்பவன். வைத்தியம் படித்தவன் இல்லை, ஆனால் 20 வருஷமாக ஆட்களின் இடுப்பைச் சுற்றி டேப் பிடிக்கிறவன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு முன்னால் நடந்த முகாமில் என் மச்சானைத் தராசில் ஏற்றினார்கள். 61 கிலோ, உயரத்துக்கு ஏற்ற எடை என்று துண்டில் எழுதிக் கொடுத்ததை அவர் லயம் முழுக்கக் காட்டித் திரிந்தார். என் அளவுக் கொப்பியில் அவர் கணக்கு வேறு. எட்டு வருஷத்துக்கு முன் வயிறு 33 அங்குலம், இப்போது 39. கையும் தோளும்தான் வற்றிப்போயிருக்கின்றன. தை மாதம் பங்களா ஏத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

அப்புறம் ஆஸ்பத்திரி டொக்டர்தான் விளக்கினார். தோலுக்கடியில் கையில் பிடிபடுகிற கொழுப்பு அவ்வளவு மோசமில்லையாம், குடலைச் சுற்றி உள்ளே சேர்வதுதான் வில்லங்கம். அது சும்மா கிடக்காது. கொழுப்பமிலத்தை நேரே ஈரலுக்கு அனுப்பும், ஈரல் அதை டிரைகிளிசரைட் என்ற கொழுப்பாக்கி இரத்தத்தில் விடும், நல்ல கொலஸ்ட்ரோல் குறையும், இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காது, போதாததற்கு அழற்சியைக் கிளப்பும் இரசாயனங்களையும் அந்தக் கொழுப்பே சுரக்கும். இப்படி இரத்தக்குழாயின் உட்சுவர் கெட்டுப்போக, கெட்ட கொலஸ்ட்ரோல் அதற்குள் புகுந்து படிந்துகொண்டே வரும். ஒருநாள் அந்தப் படிவு வெடித்தால் அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடும். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வும் இதைத்தான் 2005-இல் சொன்னது: மாரடைப்பு ஆபத்தைக் காட்டுவதில், உயரம்-எடைக் கணக்கைவிட இடுப்புக்கும் பிட்டத்துக்கும் உள்ள விகிதம் மேல்.

எங்களைப் போன்ற தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண் என்றால் 90 சென்றிமீற்றர், பெண் என்றால் 80, அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். இதை அளக்க இரத்தம் எடுக்க வேண்டியதில்லை, மெஷினும் தேவையில்லை.

தொழில்காரன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து காற்சட்டை சைஸைக் கேட்டு எழுதிவிடாதீர்கள். தொப்பை வைத்தவர்கள் அதற்குக் கீழே இறக்கித்தான் பெல்ட் கட்டுவார்கள், மச்சானின் காற்சட்டை இன்றைக்கும் 34தான்! கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு, இறுக்காமல் பிடிக்க வேண்டும். கொழுந்தெடுக்கும் பெண்களுக்குத் தனி மறைப்பும் அளப்பதற்கு ஒரு பெண்ணும் வேண்டும், இல்லாவிட்டால் ஒருத்தியும் பக்கத்தில் வரமாட்டாள். ஆண்கள் டேப்பைக் கண்டதும் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். அப்போது சம்பளம் எவ்வளவு கிடைக்கிறது என்று கேளுங்கள், மூச்சு தானாக வெளியே வரும், அந்த நேரம் பார்த்து அளந்துவிடுங்கள்.

டேப் இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள், என் கடையில் நாலைந்து கிடக்கிறது.