ஸ்கோப்பின் பக்கத் திருகு எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான துப்பாக்கி சுடும் பயிற்சி பற்றிய கட்டுரையில், ரைஃபிள் ஸ்கோப்பின், அதாவது துப்பாக்கியில் குறிபார்க்க மாட்டும் தொலைநோக்கியின், இடப்பக்கத்தில் உள்ள திருகு ‘இலக்கைத் தெளிவாகப் பார்ப்பதற்கு’ என்று ஒரே வரியில் சொல்லப்பட்டிருந்தது. வடசென்னையில் கால்வாய்களுக்கும் பாதாளச் சாக்கடைக்கும் தொலைநோக்கி பொருத்திய லெவல் கருவியால் மட்டம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வரி பாதி உண்மைதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்தத் திருகின் முதன்மையான வேலை பேரலாக்ஸை நீக்குவது. பள்ளிப் பாடநூலில் இடமாறு தோற்றப் பிழை என்று படித்தது இதுதான். சன்னல் கம்பி ஒன்றை எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்போடு பொருத்திப் பார்த்துவிட்டுத் தலையைச் சற்று நகர்த்தினால் கம்பி விளிம்பை விட்டு விலகும். கம்பி அந்தத் தொட்டியின் மீதே ஒட்டப்பட்டிருந்தால் எங்கிருந்து பார்த்தாலும் விலகாது. ஸ்கோப்பின் முன் லென்ஸ் இலக்கின் பிம்பத்தைக் குழலுக்குள் ஒரு தளத்தில் விழச் செய்கிறது. அந்தத் தளமும் குறிபார்க்க உதவும் குறுக்கு இழைகள் இருக்கும் தளமும் ஒன்றாக இல்லாவிட்டால், துப்பாக்கி அசையாமல் இருந்தாலும் கண் நகர்ந்த அளவுக்கு இழை இலக்கின் மேல் நகர்ந்து தோன்றும். இலக்கின் தூரம் மாறும்போது பிம்பம் விழும் இடமும் மாறுவதால், அதை மீண்டும் இழைகளின் மேல் கொண்டுவந்து நிறுத்தவே இந்தத் திருகு இருக்கிறது. சில ஸ்கோப்புகளில் அதே வேலையை முன் லென்ஸைச் சுற்றியுள்ள வளையம் செய்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு காலைப் பொழுதில், ஒரே ஸ்டாஃபில், அதாவது தொலைவில் நிறுத்தும் அளவுகோலில், நான் படித்த அளவும் உடனிருந்தவர் படித்த அளவும் 4 மில்லிமீட்டர் வேறுபட்டன. தரை கிட்டத்தட்டச் சமமாகக் கிடக்கும் எங்கள் பகுதியில் சாக்கடை நீர் ஓடுவதற்கு அந்த 4 மில்லிமீட்டர் பெரிய விஷயம். மேலாளர் வந்து கண்ணருகு லென்ஸைத் திருப்பி இழையைக் கூர்மையாக்கினார். பிறகு ஸ்டாஃபின் பிம்பத்தைக் கூர்மையாக்கினார். கடைசியில் என் தலையை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கச் சொன்னார். அன்று கற்ற வரிசை ரைஃபிள் ஸ்கோப்புக்கும் அப்படியே பொருந்தும் என்பதை இந்த ஆண்டு நேரில் கண்டேன்.

எங்கள் தெருவில் ஏர் ரைஃபிள் பழகும் கல்லூரி மாணவர் ஒருவர், குண்டுகள் காரணமின்றிச் சிதறுவதாகவும் ஸ்கோப்பை மாற்றிவிடும்படி கடையில் சொன்னதாகவும் வருந்தினார். ஸ்கோப்பைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி மாடிக்குக் கொண்டுவரச் செய்து, கைப்பிடிச் சுவரில் இரு மணல் பைகளுக்கு இடையே வைத்துச் சுமார் 25 மீட்டரில் உள்ள ஒரு தொட்டியின் விளிம்பைப் பார்க்கச் சொன்னேன். படம் நன்றாகத் தெரிந்தது. ஆனால் தலையை அசைத்தபோது இழை விளிம்பை விட்டு ஏறி இறங்கியது. கண்ணருகு லென்ஸை அவர் வாங்கியதிலிருந்து தொட்டதே இல்லை. இளங்கண் தானாகவே குவியத்தை மாற்றிக்கொள்ளக் கூடியது என்பதால், தவறான நிலையிலும் படம் தெளிவாகவே தோன்றி அவரை ஏமாற்றியிருக்கிறது.

ஆகவே முதலில் கண்ணருகு லென்ஸ். சூரியன் இல்லாத திசையில் வெறும் வானத்தைப் பார்த்து, பார்த்த கணத்திலேயே இழை கூர்மையாகத் தெரியும்வரை அதைத் திருப்ப வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் ஈடுகொடுத்துவிடும் என்பதால், ஓரிரு விநாடிக்கு ஒருமுறை பார்வையை விலக்கித் திரும்பப் பார்க்க வேண்டும். அதன் பிறகே பக்கத் திருகு. அதில் அச்சிட்டிருக்கும் தூர எண்ணை வழிகாட்டியாக மட்டும் கொள்ளலாம். அந்த மாணவரின் ஸ்கோப்பில் 25 மீட்டருக்கான சரியான இடம் 25 என்ற எண்ணில் இல்லை. தலையை அசைத்தும் இழை அசையாத இடமே சரியான இடம். மே மாத மதியத்தில் அனல் படத்தை நெளியச் செய்யும்போது தெளிவை நம்பவே முடியாது. தலையசைவுச் சோதனை ஒன்றுதான் கைகொடுக்கும். துப்பாக்கியில் மாட்டிய நிலையில் இதைச் செய்வதானால், குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு பயிற்சிக் களத்தில் மட்டுமே செய்ய வேண்டும். கழற்றி மாட்டினால் ஜீரோவை, அதாவது இழை காட்டும் இடத்திலேயே குண்டு படுகிறதா என்பதை, மீண்டும் சரிபார்ப்பதும் கட்டாயம்.

திருகே இல்லாத ஸ்கோப்புகளும் உண்டு. அவற்றில் பல, தொழிற்சாலையிலேயே 100 கெஜத்துக்கு, அதாவது சுமார் 91 மீட்டருக்கு, பேரலாக்ஸ் நீக்கப்பட்டவை. 40 மில்லிமீட்டர் முன் லென்ஸ் உள்ள அத்தகைய ஒன்றை 10 மீட்டரில் பயன்படுத்தினால், கண் ஓரத்துக்குப் போகும்போது பிழை ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் வரை போகலாம். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான் என்பதோடு ஒப்பிட்டால் இதன் கனம் புரியும். நடுவில் பத்துப் புள்ளிக்குப் போக வேண்டிய குண்டு மூன்றாம் வளையத்தில் விழும். ஒலிம்பிக் 10 மீட்டர் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை, லென்ஸ் இல்லாத சிறு துளை வழியே குறிபார்க்கும் துளைக்காட்சிதான் என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். பிள்ளைகளுக்கு ஸ்கோப் வாங்கித் தர நினைக்கும் பெற்றோருக்கு அது உதவியிருக்கும். திருகு இல்லாத ஸ்கோப் வைத்திருப்போர், கன்னத்தை ஒவ்வொரு முறையும் துப்பாக்கிக் கட்டையின் ஒரே இடத்தில் பதித்துக் கண்ணைக் குழலின் நடு அச்சில் வைத்துப் பழக வேண்டும். கண் நடுவில் இருக்கும்வரை பிழை இல்லை.

மாணவர் புது ஸ்கோப் வாங்கவில்லை. கட்டுரையின் அந்த வரிக்குத் திருத்தம் வெளியிட்டு, கண்ணருகு லென்ஸை முதலில் சரிசெய்யும் முறையையும் தலையசைவுச் சோதனையையும் அதில் சேர்க்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவைப் பணியாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை.