லேப்டாப் விளம்பரத்துல ஸ்கிரீனைப் பத்தியும் ஒரு வரி போடச் சொல்லுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

காலேஜ் திறக்குற சமயம் வந்தாலே நம்ம பேப்பர்ல முழுப்பக்கத்துக்கு லேப்டாப் விளம்பரம் வந்துடுது, எதை எடுத்தாலும் அதே நாலு வார்த்தை, ஐ7, 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, ஃபுல் எச்டி. நான் திண்டுக்கல் பக்கம் கல்யாண வீடியோ எடிட் பண்றவன், ஆடிலயும் மார்கழிலயும் முகூர்த்தம் கிடையாதுல்ல, அந்த ரெண்டு மாசம் கடைக்காரங்களுக்கு வெப்சைட் பண்ணிக் குடுப்பேன். ரெண்டு வேலைக்கும் சேத்து ஒரே லேப்டாப்னு, இந்த மாதிரி ஒரு விளம்பரத்த வெட்டி பாக்கெட்ல வச்சுகிட்டுப் போயி தவணைல வாங்கிட்டு வந்தேன்.

மொத கல்யாணத்துலயே வாங்கிக் கட்டிகிட்டேன். பொண்ணு கட்டுனது அரக்குக் கலர் பட்டு, என் ஸ்கிரீன்ல அது துவைச்சுத் துவைச்சு வெளுத்த மாதிரி தெரிஞ்சுது, சரி கேமரால தான் ஏதோ தப்புன்னு கலரை ஏத்து ஏத்துனு ஏத்தி முழு வீடியோவையும் முடிச்சுக் குடுத்துட்டேன். அவங்க வீட்டு டிவில போட்டா புடவை பளபளனு எரியுது, மாப்பிள்ளை மூஞ்சி மஞ்சள் அப்புன மாதிரி இருக்கு. பொண்ணோட அம்மா போன் பண்ணி "தம்பி, நாங்க எடுத்தது அரக்கு, நீங்க போட்டுருக்கறது தக்காளி"ங்கறாங்க. மூணே முக்கா மணி நேர வீடியோ, மொதல்லருந்து திரும்ப கலர் பாத்தேன், பக்கத்து ஸ்டுடியோக்காரர் மானிட்டர இரவல் வாங்கி.

அப்புறம் தான் மாடல் நம்பரைப் போட்டு கம்பெனி சைட்டுல தேடுனேன், ஸ்கிரீன் 45 சதவீதம் என்டிஎஸ்சினு பொடி எழுத்துல இருந்துச்சு, அது பழைய டிவி காலத்துக் கலர் அளவுகோல். வெப்சைட்டுக்கும் சாதாரண வீடியோவுக்கும் பொதுவா வச்சுருக்குற கலர் அளவுகோல் எஸ்ஆர்ஜிபி, அந்தக் கணக்குல பாத்தா அது 60 சொச்சம் சதவீதம் தான், அதாவது மூணுல ஒரு பங்கு கலர் அந்த ஸ்கிரீன்ல வரவே வராது, வராத கலர நான் எப்படிங்க சரி பண்றது? வெப்சைட் வேலைலயும் அந்த மட்டமான ஸ்கிரீனால கூத்து தான், நான் வெள்ளைனு நினைச்சு விட்ட இடத்துல மளிகைக்கடை அண்ணாச்சி அவர் போன்ல பாத்துட்டு "என்னப்பா கட்டம் கட்டமா சாம்பல் கலரா கிடக்கு"ங்கறார். 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபினு போட்டுருக்குற ஸ்கிரீன் தான் இந்த வேலைக்கு ஆகும், அந்த ஒரு வரி எந்த விளம்பரத்துலயும் நான் பாத்ததில்ல.

அடுத்து இந்த ஐ7ங்கற இன்டெல் ப்ராசஸர் சமாச்சாரம். நம்பருக்குக் கடைசில ஒரு எழுத்து வரும், அத யாரும் பாக்கறதில்ல. யு போட்டது கரன்ட் மிச்சம் பண்ற ரகம், 15 வாட் கணக்கு, எச் போட்டது 45 வாட். ப்ராசஸருக்குள்ள வேலைய பிரிச்சுச் செய்யுற பகுதி தான் கோர், ஐ7 1255யுல பெரிய கோர் ரெண்டு தான், ஐ5 12500எச்ல நாலு, சின்ன கோர் ரெண்டுலயும் எட்டு. எடிட் முடிச்ச வீடியோவ ஃபைலா எடுக்க எக்ஸ்போர்ட் போட்டா அந்த ஐ5 முன்னாடி முடிச்சுடும், ஆனா விளம்பரத்துல 7 தான கொட்டை எழுத்துல இருக்கும்! இப்ப அல்ட்ரா அது இதுனு பேரை மாத்திட்டாங்க, ஆனா பல மாடல்ல யுவும் எச்சும் அப்படியே தான் இருக்கு. கிராபிக்ஸ் கார்டும் அப்படித்தான், ஆர்டிஎக்ஸ் 4050னு ஒரே பேரு, லேப்டாப்புக்கு லேப்டாப் 35 வாட்லருந்து 115 வாட் வரைக்கும் மாறும், வாட் குறைஞ்சா வேகமும் குறையும், பேரு மட்டும் குறையாது.

இன்னொன்னு, எங்க தொழில்ல இருக்கறவங்களுக்கு. புது கேமரால கலர் விவரம் அதிகமா பதிவாகுற 4:2:2 10 பிட்ல எடுக்குறோம்ல, அந்த ஃபைல என்விடியா கார்டுங்க நேரா ஓட்டறது 2025ல வந்த 50 சீரிஸ்லருந்து தான். இன்டெல் 11வது தலைமுறைலருந்து ப்ராசஸர் கூடவே வர்ற கிராபிக்ஸே, எச்.265ங்கற முறைல சுருக்குன ஃபைலா இருந்தா ஓட்டிடும். இது தெரியாம பழைய கார்டுக்குக் காசக் கொட்டிட்டு டைம்லைன் திக்குது திக்குதுன்னு புலம்பறவங்க எங்க சங்கத்துலயே இருக்காங்க. காசு இல்லன்னா ப்ராக்சி, அதாவது எடிட் பண்றதுக்கு மட்டும் அதே வீடியோவோட லேசான நகல், போட்டு ஓட்டுங்க, ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல. வெப் டிசைனுக்கு மட்டும்னா இந்தக் கார்டு எதுவுமே வேணாம், 16 ஜிபியும் நல்ல ஸ்கிரீனும் போதும். ஆனா ரேம் போர்டுலயே ஒட்டி வச்சுருக்கானா, பின்னாடி ஏத்த முடியுமான்னு கேட்டுட்டு வாங்கணும், மேக்புக்ல எல்லாம் வாங்குறப்ப எவ்வளவோ கடைசி வரைக்கும் அவ்வளவு தான்.

போன வாரம் அக்கா பையனுக்கு காலேஜ்ல விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) சீட்டு கிடைச்சு கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். ஸ்கிரீன் எத்தன சதவீதம் தம்பினு கேட்டா கடைப் பையன் முழிக்கிறான், "சார் பேக் ஃப்ரீ சார், மவுஸ் ஃப்ரீ சார்"ங்கறான். அவனச் சொல்லிக் குத்தமில்ல, அவன்கிட்ட இருக்குற அட்டைலயே அது இல்ல. கடைசில என் போன்ல இருந்த ஒரு பட்டுப்புடவை ஃபோட்டோவ அங்க இருந்த நாலு லேப்டாப்லயும் ஏத்தி பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்து தான் ஒண்ண எடுத்தோம்.

ஐயா, விளம்பரம் குடுக்குறவங்ககிட்ட இந்த ரெண்டு விஷயத்தயும் கேட்டு வாங்கிப் போடுங்க, ப்ராசஸர் நம்பர் அந்தக் கடைசி எழுத்தோட, ஸ்கிரீன் கலர் எத்தன சதவீதம்னு. மவுஸ் ஃப்ரீனு போடுற இடத்துல தாராளமா அடங்கும்.

இப்படிக்கு,
கல்யாண வீடியோ எடிட்டர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்