மாமாவுக்கு: கிளிப் போடாதவனின் பிழை எவ்வளவு?

அன்புள்ள மாமாவுக்கு,

மோட்டார் சைக்கிளில் வரும்போது லொறியோடு மோதி இறந்த சித்தியின் மகன், நம் தம்பியின் முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடிந்து திருகோணமலை உவர்மலை வீட்டு விறாந்தையில் எல்லோரும் இருந்தபோது, சித்தியின் காதில் விழும்படி நீங்கள் சொன்ன வார்த்தைக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. "ஹெல்மெட் கிளிப்பைப் போட்டிருந்தால் பிழைத்திருப்பான். தன் பிழையால் போனவனுக்காக லொறிக்காரனை ஏன் இழுக்கிறீர்கள்?" என்றீர்கள். பெரியவர்கள் கூடியிருந்த இடத்தில் தாய்மாமனை மறுத்துப் பேசக்கூடாது என்று அடங்கியிருந்தேன். அன்றிலிருந்து சித்தி வழக்கைப் பற்றிய பேச்சையே எடுப்பதில்லை. விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த வேறு வீடுகளிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன் என்பதால், உங்களுக்கு எழுதும் இக்கடிதத்தை மற்றவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் வைக்கிறேன்.

மாமா, உங்கள் வார்த்தையில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. மோதல் எதனால் நடந்தது என்பது ஒன்று. மோதிய பிறகு காயம் ஏன் உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போனது என்பது மற்றொன்று. கிளிப் இரண்டாவது கேள்விக்கு மட்டுமே உரியது. கிளிப் போடாத எந்தத் தலைக்கவசமும் ஒரு லொறியை வீதிக்குக் குறுக்கே திருப்பியதில்லை.

நடந்ததை நீங்களும் அறிவீர்கள். வேலை முடிந்து நிலாவெளியிலிருந்து உப்புவெளி வழியாக நேரே தன் பக்கத்தில் வந்துகொண்டிருந்தான் அவன். எதிரே நகரத்திலிருந்து வந்த சிறிய லொறி, கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைக்குள் போவதற்காக அவன் முன்னால் வலப்பக்கம் திரும்பியது. சாரதி பின்னர் சொன்னது: "நான் காணவில்லை, அவன் வேகமாக வந்தான்." காணாத ஒருவனின் வேகத்தை அவர் எப்படிக் கணித்தார் என்று யாரும் கேட்கவில்லை. இறந்தவனுக்கு வாய் இல்லை. இப்படிப்பட்ட விபத்துகளில் உயிரோடிருப்பவரின் கதை மட்டுமே ஊரெங்கும் பரவி, நாளடைவில் அதுவே உண்மையாகிவிடுகிறது.

தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹேர்ட் என்பவரின் குழு, லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஏறத்தாழ 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை அவை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. வேறொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், மோட்டார் சைக்கிளுக்கு உரிய வழியை மறித்தவர் மற்ற வாகனத்தின் சாரதியே. அங்கு வாகனங்கள் வலப்பக்கம் ஓடுவதால் இடப்பக்கம் திரும்பும் கார்தான் முதன்மையான ஆபத்து. நம் வீதியில் அது வலப்பக்கம் திரும்பும் வாகனம். அந்த விபத்துகளில் மோட்டார் சைக்கிள்கள் வந்த வேகத்தின் நடுமதிப்பு மணிக்கு 48 கிலோமீற்றர்தான். வேறு வாகனம் சம்பந்தப்படாமல் தனியே விழுந்தவர்களில் பெரும்பாலானோர் தங்கள் பிழையாலேயே விழுந்தார்கள் என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் தம்பி தனியே விழவில்லை.

மணிக்கு 50 கிலோமீற்றரில் வருபவன் ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் கடக்கிறான். ஆபத்தைக் கண்டு பிறேக்கைப் பிடிப்பதற்குள் அந்த ஒரு வினாடி போய்விடும். உலர்ந்த தாரில் நன்றாகப் பிடித்தாலும் நிற்பதற்கு இன்னும் அதேயளவு தூரம் வேண்டும். 20 மீற்றருக்கு முன்னால் லொறி குறுக்கே வந்தால், மிதமான வேகத்தில் வருபவனாலும் நிறுத்த முடியாது.

கிளிப்பைப் பற்றி நீங்கள் சொன்னதில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தலைக்கவசத்துக்குள் இருக்கும் ரிஜிபோம் என்னும் இறுகிய நுரை நசுங்குவதன் மூலம்தான் தலை நிற்கும் நேரத்தைச் சற்று நீட்டி மூளைக்குப் போகும் அதிர்ச்சியைக் குறைக்கிறது. ஒரு முறை நசுங்கியது மீளாது. அதனால்தான் விபத்தில் அடிபட்ட தலைக்கவசத்தை மறுபடி அணியக்கூடாது. கிளிப்பால் பூட்டும் நாடிப் பட்டியைக் கட்டாத தலைக்கவசமோ முதல் அடியிலேயே கழன்று பறந்துவிடக்கூடும்; அடுத்து வீதியில் மோதுவது வெறும் தலை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து, கொக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பு 2008இல் வெளியிட்ட மீளாய்வு, தலைக்கவசம் இறப்பு அபாயத்தை 42 வீதமும் தலைக்காய அபாயத்தை 69 வீதமும் குறைப்பதாகக் கண்டது. இந்த எண்களை மறுப்பதற்கு எனக்கு எந்த எண்ணமும் இல்லை. ஆனால் அவை பலரைச் சேர்த்து எண்ணிப் பெற்றவை. நம் பிள்ளையின் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் தலைக்காயத்துக்கு முன்பாக எழுதப்பட்டிருப்பது நெஞ்சுக்கூடு நொறுங்கியது. எந்தத் தலைக்கவசமும் நெஞ்சைக் காப்பதில்லை. "பிழைத்திருப்பான்" என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல அந்த அறிக்கை இடங்கொடுக்கவில்லை, மாமா.

சட்டத்தரணி ஒருவரிடம் எழுதுவினைஞராகப் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், இந்தப் பங்கீட்டை நீதிமன்றங்கள் எப்படிச் செய்திருக்கின்றன என்று தேடிப் பார்த்தேன். இங்கிலாந்தில் தலைக்கவசமே அணியாமல் போய்க் காயப்பட்ட ஒருவரின் வழக்கில் 1971இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நட்டஈட்டில் 15 வீதத்தைக் குறைத்தது. அணிந்திருந்தும் பட்டியைக் கட்டாத மற்றொருவருக்கு 1989இல் அதே நீதிமன்றம் குறைத்தது 10 வீதம். எஞ்சிய 90 வீதம் மோதியவரின் தலையிலேயே நின்றது. நம் இலங்கையிலும் இரு பக்கத்துப் பிழையையும் அளந்து நட்டஈட்டைக் குறைக்க 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்கிறது. அளந்து குறைப்பது வேறு, முழுவதையும் துடைத்து விடுவது வேறு. கவனயீனத்தால் மரணம் விளைவித்தலைச் சொல்லும் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவோ, இறந்தவன் பட்டி கட்டினானா என்று கேட்பதில்லை. அதன் கீழ் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

அந்தச் சாரதி சிறையில் வாட வேண்டும் என்பது என் ஆசையன்று. அவர் பார்த்தும் காணாமல் போயிருக்கலாம். சிறிய உருவம் ஒன்று நெருங்கும்போது அது இன்னும் தூரத்தில் இருப்பதாகவும், வந்து சேர நேரம் எடுக்கும் என்றும் கண் தவறாகக் கணிப்பது அறியப்பட்ட விடயம். லொறியை எதிர்பார்த்துத் தேடும் கண்ணுக்கு மோட்டார் சைக்கிளின் ஒற்றை விளக்கு தட்டுப்படாமலும் போகும். அதனாலேயே திரும்புபவர் இரண்டாம் முறை பார்க்கக் கடமைப்பட்டவர். அவரைக் கொலைகாரன் என்று நம் பிள்ளைகள் முகநூலில் எழுதியதையும் நான் ஏற்கவில்லை. எது அவருடைய பங்கோ அது அவரிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கிளிப்பைப் பற்றி இன்னொன்றும் எழுத வேண்டும். கடற்காற்றில் துருவேறி அது பூட்டாமல் போய்ப் பல மாதங்கள். நம் வீட்டு வாசலில் அவன் அந்தத் தலைக்கவசத்தைத் தலையில் சும்மா கவிழ்த்துக்கொண்டு புறப்படுவதை நான் எத்தனையோ முறை பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். தைப்பொங்கலன்று சித்தி அதைச் சொல்லி அவனைக் கடிந்தபோது நான் சிரித்துக்கொண்டு நின்றேன். கிளிப்பின் பிழையை அவனுக்கு எழுதுவதானால் என் பெயரையும் அதில் எழுதுங்கள்.

சின்னவனுக்குப் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறேன். நாடியையும் மூடும் முழுமுகத் தலைக்கவசம். இந்த வெக்கையில் அதை அணிவது எளிதன்று. ஆனாலும் முகத்தை நிலத்தில் கொடுத்து விழுபவனுக்கு அரைத் தலைக்கவசம் பெரிதாக உதவாது. அண்ணனின் மோட்டார் சைக்கிளைத் திருத்தி ஓடப்போகிறானாம். ரப்பர் செருப்போடு ஏறக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நான் சொல்லித் தலையாட்டுவான். நீங்கள் சொன்னால் கேட்பான்.

வருகிற புதன்கிழமை நீதவான் நீதிமன்றத்தில் தவணை. உப்புவெளிக் கடைக்காரர் தன் கமராப் பதிவை அழிந்து போகாமல் எடுத்து வைத்திருக்கிறார். சட்டத்தரணியிடம் அதைக் கொடுக்கச் சம்மதித்தும் விட்டார். சித்தி தனியே வரமாட்டார். காலை எட்டு மணிக்கு நான் ஓட்டோ கொண்டு வருகிறேன். அவருக்குப் பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும், மாமா.

அன்புடன்,
உங்கள் மருமகன்